டச்சுக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1632 அக்டோபர் 31 அன்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் புதிய தேவாலயத்தில் ஓர் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பதிவேட்டில் எழுதியிருப்பது கொஞ்சம்தான். குழந்தை யோவானிஸ், தகப்பன் ரெய்னியர் யான்ஸ், தாய் டிங்னும் பால்தஸார்ஸ், அப்புறம் சாட்சிகளின் பெயர்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர். ஆனால் வெர்மீர் என்ற சொல் அந்த வரியில் எங்கேயும் இல்லை. அந்தப் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுகிறவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 4-ஆம் தேதி, அதே தேவாலயத்தில் தோனிஸ் என்று இன்னொரு குழந்தை. தகப்பன் பிலிப்ஸ் தோனிஸ், கூடை முடைகிறவர். நுண்ணோக்கி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்டு சொன்ன ஆண்டனி வான் லேவன்ஹூக் இவர்தான். அவருடைய குடும்பப் பெயரும் அப்போது எழுதப்படவில்லை.

டச்சுப் பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேட இறங்குகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெயரைத் துரத்தாதீர்கள், ஆளைப் பிடியுங்கள். ஓர் ஆளிடமிருந்து அவருடைய தகப்பனுக்கு, அவரிடமிருந்து பாட்டனுக்கு என்று ஆவணத்தைக் கையில் பிடித்தபடியே பின்னால் நடங்கள். பெயர் எந்த இடத்தில் முளைத்தது என்பது வழியில் தெரியவரும். உங்களுக்கு இலங்கைப் பறங்கியர், அதாவது அங்கே குடியேறிய ஐரோப்பியர் வழி வந்தவர்கள், உறவு இருக்கலாம், நெதர்லாந்துக் குடும்பத்தில் பெண் கொடுத்திருக்கலாம், பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயரைப் படித்துவிட்டு ‘யார் இவர்?’ என்று கேட்டிருக்கலாம். எதுவானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

படி 1: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

பெயரைத் துரத்த வேண்டாம் என்றேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டச்சுக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை நான்கு வழிகளில் ஒன்றில் வந்தவை.

முதல் வழி, தகப்பன் பெயர். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம் இனிஷியல்தான் இது. யான் பீட்டர்ஸ்ஸோன் என்றால் பீட்டரின் மகன் யான். நம் வழக்கில் பீ. யான். அவருக்குக் கிளாஸ் என்று ஒரு மகன் பிறந்தால் அவன் கிளாஸ் யான்ஸ்ஸோன். அவனுடைய மகள் கிளாஸ்டொக்டர். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எழுத்தர்கள் ‘மகன்’ என்று பொருள்படும் ஸோன் என்பதை முழுதாக எழுதாமல் எஸ், ஸெட் இரண்டையும் போட்டு ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். மகளுக்கு டி, ஆர், ஒரு புள்ளி. ஏதோ ஒரு தலைமுறையில் இந்த ஓட்டம் நின்று, அப்போது இருந்த தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனதால் வந்தவைதான் யான்சன், பீட்டர்சன், ஹென்ட்ரிக்ஸ் எல்லாம். யான் என்பது ஊருக்கு ஊர் இருந்த பெயர். ஆகவே இரண்டு யான்சன்களுக்குள் உறவு இருக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது வழி, இடம். வான் என்றால் ‘அங்கிருந்து வந்த’ என்று பொருள். வான் டைக் அணைகரைக்காரர், வான் டென் பெர்க் குன்றுக்காரர். ‘வான் டெர்’ சுருங்கி ‘வெர்’ ஆகும். ஏரிக்கரைக்காரரான வான் டெர் மீர்தான் வெர்மீர். நாம் வான் கோ என்று எழுதுகிற பெயரில் இருப்பது கோஹ் என்ற ஊர். அது இன்று ஜெர்மனியில், டச்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோஹ் ஊருக்குள்ளேயே இருக்கிறவரை யாரும் கோஹ்காரர் என்று கூப்பிட மாட்டார்கள். மதுரைக்காரர் என்ற பெயர் சென்னைக்கு வந்த பிறகுதானே ஒட்டுகிறது? ஊர்ப்பெயர் இருந்தால் அந்தக் குடும்பம் அந்த ஊரை விட்டு வந்தது என்று பொருள். ‘பிரீஸ்லாந்துக்காரர்’ என்று பொருள்படும் டெ வ்ரீஸும் இப்படித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மொழியின் ஃபான் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்தைக் காட்டும். டச்சு வான் அப்படி எதையும் காட்டாது. கூலிக்காரருக்கும் உண்டு, குதிரை வண்டிக்காரருக்கும் உண்டு.

மூன்றாவது, தொழில். பாக்கர் ரொட்டி சுடுகிறவர், விஸ்ஸர் மீன் பிடிக்கிறவர், மூல்டர் மாவு ஆலைக்காரர், ஸ்மிட் கொல்லர், குய்ப்பர் மரப்பீப்பாய் செய்கிறவர். இதில் சிக்கல் குறைவு. நான்காவது, பட்டப்பெயர். டெ லாங்க நெட்டையர், டெ க்ரூட் பெரியவர், டெ விட் வெளுத்த தலைக்காரர். நெதர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் டெ யோங், ‘இளையவர்’. 2007 கணக்கில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், அதிலும் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்றால், சின்னவரைப் பிரித்துச் சொல்ல வந்த சொல் இது.

இந்த நான்கிலும் அடங்காத ஒரு வகை எனக்கு மிகவும் பிடித்தது: வீட்டுப் பெயர். வீடுகளுக்கு எண் வருவதற்கு முன்னால் டச்சு நகரங்களில் வீட்டு முகப்பில் செதுக்கிய கல்லோ தொங்கும் பலகையோ இருக்கும். சேவல், நரி, பொன் சிங்கம் என்று ஏதாவது உருவம். அந்த உருவம் வீட்டுக்காரருக்குப் பெயராகிவிடும். லேவன்ஹூக் என்றால் சிங்க மூலை. டெல்ஃப்டில் சிங்க வாசல் என்ற கோட்டை வாசலருகே மூலையில் இருந்த வீடு அவர்களுடையது. வெர்மீரின் தகப்பனார் ரெய்னியர் கொஞ்ச காலம் வோஸ், அதாவது நரி, என்ற பெயரில் இருந்தார். அவர் நடத்திய விடுதிக்குப் பெயர் ‘பறக்கும் நரி’. 1640 வாக்கில்தான் வெர்மீர் என்ற பெயர் அவருக்கு வருகிறது. ஒரே மனிதர் ஒரே ஊரில் யான்ஸ், வோஸ், வெர்மீர் என்று மூன்று பெயர்களில் வாழ்ந்திருக்கிறார். இதில் அவர் எதையும் மறைக்கவில்லை. அன்றைக்குப் பெயர் என்பது அப்படித்தான் இளகிக் கிடந்தது.

படித்தவர்கள் பெயரை லத்தீனாக்கிக்கொள்வதும் உண்டு. யாழ்ப்பாண வரலாறு படித்தவர்களுக்கு பால்டேயஸ் பாதிரியாரைத் தெரியும். டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658-ல் அங்கே ஊழியத்துக்கு வந்தவர். அவரும் டெல்ஃப்ட்காரர், அவரும் 1632-ல் பிறந்தவர்! குடும்பப் பெயர் பால்டெ. அதன் லத்தீன் கோலம் பால்டேயஸ். சட்ட அறிஞர் க்ரோஷியஸின் டச்சுப் பெயர் வெறும் டெ க்ரூட். ‘-யஸ்’, ‘-உஸ்’ என்று முடியும் பெயர் கிடைத்தால் அடியில் வேறொரு டச்சுப் பெயர் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

படி 2: வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

ஹேக் நகரில் சி.பி.ஜி. என்ற குடும்ப வரலாற்று மையம் இருக்கிறது. 1945-ல் தொடங்கியது. அது நடத்தும் நெதர்லாந்துக் குடும்பப் பெயர் வங்கியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் 1947-லும் 2007-லும் அந்தப் பெயருள்ளவர்கள் எந்த ஊர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வரைபடம் வரும். பல பெயர்களுக்குப் பொருள் விளக்கமும் இருக்கும். 1947 வரைபடத்தை முதலில் பாருங்கள். போருக்குப் பிந்தைய பெரிய இடப்பெயர்ச்சி அதில் ஏறியிருக்காது.

பெயரின் கடைசி அசையும் வட்டாரத்தைக் காட்டிக்கொடுக்கும். டைக்ஸ்ட்ரா, ஹூக்ஸ்ட்ரா போல ‘-ஸ்ட்ரா’ என்றோ ‘-மா’, ‘-இங்கா’ என்றோ முடிந்தால் வடக்கே பிரீஸ்லாந்து பக்கம். ‘-எமா’ க்ரோனிங்கன். வெஸ்ஸெலிங்க் போல ‘-இங்க்’ என்று முடிவதும், டென், டெர் (Ten, Ter) என்று தொடங்குவதும் கிழக்கே ட்வென்டெ, ஆக்டர்ஹூக் பகுதி. யான்ஸெ, அட்ரியான்ஸெ என்று ‘-ஸெ’ வந்தால் ஸேலாந்து தீவுகள். ‘-மன்ஸ்’ என்பது தெற்கே பிராபன்ட், லிம்பர்க்.

கிழக்குப் பகுதிப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே பெயர் ஆளுக்கு இல்லை, பண்ணைக்கு. வெஸ்ஸெலிங்க் என்பது ஒரு பண்ணை. அதில் மருமகனாகவோ குத்தகைக்காரராகவோ வந்து குடியேறுகிறவர் தன் பழைய பெயரை விட்டுவிட்டு வெஸ்ஸெலிங்க் ஆகிவிடுவார். அதே பெயரில் நான்கு தலைமுறை தொடர்ந்தாலும் ரத்த வழி நடுவில் பெண் வழியாக மாறியிருக்கலாம், அல்லது முழுக்கவே வேறு குடும்பமாக இருக்கலாம். பண்ணையின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் பகுதியில் தப்பிக்கலாம்.

தேடும்போது அகரவரிசை விஷயத்தில் கவனம். நெதர்லாந்தில் வான், டெ, டென், டெர் போன்ற முன்சொற்களை வரிசையில் கணக்கில் எடுப்பதில்லை. வான் கோ ஜி எழுத்தில் இருப்பார். பெல்ஜியத்தில் அதே பெயர் வி எழுத்தில் இருக்கும். இணையப் படிவங்களில் முன்சொல்லுக்குத் தனிக் கட்டம் தந்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒன்றுமே வராது. பழைய எழுத்துக்கூட்டலும் வேறு. இன்று ஐ, ஜே சேர்த்து எழுதும் இடத்தில் முன்பு ஒய் இருக்கும். கே இருக்கும் இடத்தில் சி, கே. ஒற்றை எஸ் இருக்கும் இடத்தில் இரட்டை. உடன்பிறந்த இரண்டு பேரில் ஒருவர் ஒற்றை எஸ் யான்சன், மற்றவர் இரட்டை எஸ் யான்சன் என்பதெல்லாம் சாதாரணம்.

படி 3: 1811 வரை குடிமைப் பதிவில் நடங்கள்

இங்கேதான் நெதர்லாந்து நமக்குக் கை கொடுக்கிறது. 1811-லிருந்து ஒவ்வொரு பிறப்பும் திருமணமும் இறப்பும் நகராட்சியில் எழுதப்பட்டிருக்கிறது. லிம்பர்க், ஸேலாந்தின் தென்பகுதி போன்றவை முன்னமே பிரான்சோடு சேர்க்கப்பட்டதால் அங்கே 1796 வாக்கிலேயே பதிவு தொடங்கிவிட்டது. பிறப்புப் பதிவு 100 ஆண்டுகளுக்குப் பிறகும், திருமணப் பதிவு 75, இறப்புப் பதிவு 50 ஆண்டுகளுக்குப் பிறகும் பொதுமக்கள் பார்வைக்கு வரும். ‘வீ வாஸ் வீ’, ‘ஓப்பன் ஆர்க்கீவன்’ என்ற இரண்டு தளங்களில் தேடலாம். பல பதிவுகளுக்கு மூலப் பக்கத்தின் படமும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். இருக்கிற பெரியவர்களிடம் பெயர், ஊர், தோராயமான ஆண்டு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறைக்கும் பொதுப் பதிவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப, 1939 வாக்கில் தொடங்கி 1994 வரை இறந்தவர்களுக்கான ஆள் அட்டை உதவும். பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், குடியிருந்த முகவரிகள் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். சி.பி.ஜி.யில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்.

இறப்புப் பதிவில் தொடங்கி, திருமணத்துக்குப் போய், பிறகு பிறப்புக்குப் போவதுதான் சௌகரியம். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும், ஆனால் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் தவறும் இருக்கும். திருமணப் பதிவு இருப்பதிலேயே வளமானது. மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், இரு பக்கப் பெற்றோர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது வரை எல்லாம் வந்துவிடும். பெண்களைத் தேடுவதும் எளிது. டச்சு ஆவணங்களில் பெண் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதப்படுகிறாள்.

திருமணப் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு இணைப்பாகத் தம்பதியர் கொடுத்த காகிதக் கட்டு தனியாக இருக்கும். பலரும் இதைத் திறப்பதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். பிறப்புச் சான்று அல்லது ஞானஸ்நானப் பதிவின் நகல், மணமகனின் ராணுவச் சேவைச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று எல்லாம் அதற்குள் இருக்கும். திருமணத்துக்குப் பெரியவர்களின் சம்மதம் சட்டப்படி தேவை. பெற்றோர் இருவரும் இல்லையென்றால் பாட்டன் பாட்டி, அவர்களும் இல்லையென்றால் அதற்குச் சான்று. ஆக 1820-ல் மணம் முடித்த ஓர் அனாதைப் பையனின் கட்டில் 1770-களில் இறந்த பாட்டனாரின் பெயர்கூட கிடைத்துவிடும். ராணுவச் சான்றில் சில சமயம் உயரம், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு என்று அங்க அடையாளமும் எழுதியிருப்பார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கூலித் தொழிலாளியின் முகம் வேறு எங்கே கிடைக்கப் போகிறது?

1850-லிருந்து ஒவ்வொரு நகராட்சியும் குடியிருப்போர் பதிவேடு வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் யார் யார், எப்போது வந்தார்கள், எங்கே போனார்கள், எந்த மதம் என்று அதில் வரும். ஆள் திடீரென்று காணாமல் போனால் அங்கே பாருங்கள்.

படிக்கச் சில சொற்கள் தெரிந்தால் போதும். கெபோரன் பிறந்தார், ஓவர்லேடன் இறந்தார், ஸோன் மகன், டொக்டர் மகள், கெட்டைக சாட்சி. கைம்பெண்ணுக்கு வேடுவே. நாம் சொல்லும் விதவையோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல் இல்லை. நாம் வடமொழியிலிருந்து எடுத்த சொல்லும் இந்த டச்சுச் சொல்லும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை.

படி 4: 1811-ல் என்ன நடந்தது?

1810-ல் நெப்போலியன் நெதர்லாந்தைப் பிரான்சோடு இணைத்துக்கொண்டார். 1811 ஆகஸ்ட் 18 ஆணைப்படி, நிலையான குடும்பப் பெயர் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரு பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். பலர் பதியாமலே இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் போன பிறகு, 1825-ல், அரசர் முதலாம் வில்லெம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

இதை வைத்து ஒரு கதை சுற்றுகிறது. நெப்போலியனைக் கேலி செய்ய டச்சுக்காரர்கள் வேண்டுமென்றே கிறுக்குத்தனமான பெயர்களைப் பதிந்தார்கள், பிறகு அது நிலைத்துவிட்டது என்பார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் காட்டப்படுவது நாக்ட்கெபோரன், ‘அம்மணமாகப் பிறந்தவர்’. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அந்தப் பெயர் 1811-க்கு முன்பே ஆவணங்களில் இருக்கிறது. தகப்பன் இறந்த பிறகு பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் நாக்கெபோரன். அது டச்சுக் காதில் திரிந்து இப்படி ஆனது என்பதே ஏற்கத் தக்க விளக்கம். ஒரு குடும்பத்தின் துக்கத்தைக் குறித்த பெயரை வேடிக்கையாக்கி வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் மேற்கு நகரங்களில் பெரும்பாலோருக்கு 1811-க்கு முன்பே குடும்பப் பெயர் இருந்தது. அந்த ஆண்டு பெரிய மாற்றமாக இருந்தது வடக்கிலும் கிழக்கிலும், குறிப்பாகத் தகப்பன் பெயரோடு மட்டுமே ஓடிக்கொண்டிருந்த பிரீஸ்லாந்திலும், யூதர்களிடையிலும். பிரீஸ்லாந்தின் பெயர் ஏற்புப் பதிவேடுகள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. லேவார்டன் நகரின் ட்ரெஸோவார் காப்பகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. குடும்பத் தலைவர் தேர்ந்த பெயரோடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் வயது வரை எழுதியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை. உங்கள் குடும்பம் அந்தப் பக்கத்தில் இருந்தால் பெயர் பிறந்த நாளையே நீங்கள் கண்டுவிட்டீர்கள் என்று பொருள். அதற்கு முன்னால் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. ஊரையும் தகப்பன் பெயரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

படி 5: தேவாலயப் புத்தகங்கள்

1811-க்கு முன்னால் பெரும்பாலான இடங்களில் அரசுப் பதிவு இல்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தேவாலயங்கள் எழுதிய புத்தகங்கள்தான். சில நகரங்களில் 1500-களின் பிற்பாதியிலிருந்தே உண்டு; கிராமங்களில் பெரும்பாலும் 1600-களில் தொடங்கும். சீர்திருத்தச் சபை என்ற புரொட்டஸ்டண்ட் சபையைச் சேராதவர்கள், அதாவது கத்தோலிக்கர், யூதர் போன்றவர்கள், பல ஊர்களில் நகர நீதிமான்கள் முன்னால் மணம் முடித்தார்கள். அவர்களுக்குத் தனிப் புத்தகம்.

ஆம்ஸ்டர்டாம் குடும்பம் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அங்கே திருமணத்துக்கு முந்தைய உறுதிப் பதிவில் மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், குடியிருந்த தெரு, கூட வந்த உறவினர் எல்லாம் இருக்கும். கீழே கையொப்பமும் இருக்கும். எழுத்தர் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். அந்த மனிதர் தன் பெயரை எப்படி எழுதினார் என்பதற்குக் கையொப்பமே சாட்சி. எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவையோ தொழில் குறியோ போட்டிருப்பார். இந்தப் பதிவுகளில் ‘யான் பீட்டர்ஸ் வான் எம்டன்’ என்று வந்தால் வான் எம்டன் என்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எம்டன் என்ற ஊரில் பிறந்தவர், அவ்வளவுதான். வந்த ஊர் குடும்பப் பெயராகிற நிகழ்வு சில சமயம் இந்த வரியிலேயே தொடங்கும்.

எல்லா ஊருக்கும் இந்த வசதி இல்லை. 1940 மே மாதம் மிடில்பர்க் நகரம் எரிந்தபோது ஸேலாந்து மாகாணத்தின் ஏராளமான பழைய பதிவுகளும் எரிந்துபோயின. அப்படிப்பட்ட இடங்களில் சொத்துப் பத்திரம், வரிப்பட்டியல், அனாதைச் சொத்து நிர்வாகப் பதிவு, நோட்டரிப் பத்திரம் என்று சுற்றி வர வேண்டும். நோட்டரிப் பத்திரங்களை மற்றவர்களும் பாருங்கள். தகப்பன் பெயரோடு இருந்தவர் வேறொரு பெயருக்கு மாறுவதை ‘வேறு பெயரால் அழைக்கப்படும்’ என்ற தொடரோடு அங்கேதான் எழுதி வைப்பார்கள். கையெழுத்து முதலில் மிரட்டும். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பின்னோக்கிப் படித்து வந்தால் கண் பழகிவிடும். நேராக 1620-ல் குதித்தால் ஒரு சொல்லும் புரியாது.

படி 6: இவர்தான் அவரா?

இந்த வேலையில் மிக அதிகம் நடக்கும் தவறு, அதே பெயருள்ள வேறொருவரைத் தாத்தாவாக்கிவிடுவது. டச்சுக் குடும்பங்களில் முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், பெண்களுக்கும் அதே போலப் பாட்டிகளின் பெயர். நம் வீடுகளில் இருப்பதுதான், பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்தது என்பார்களே. இதனால் ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் மூன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பார்கள்.

வான் கோ குடும்பத்தையே பாருங்கள். ஓவியரின் முழுப் பெயர் வின்சென்ட் வில்லெம். தகப்பன் வழித் தாத்தா, ப்ரேடாவில் பாதிரியாராக இருந்தவர், அவரும் வின்சென்ட் வான் கோ. தாய் வழித் தாத்தா வில்லெம் கார்பென்டஸ். இரண்டு தாத்தாக்களும் ஒரே பேரனிடம் இறங்கியிருக்கிறார்கள். சித்தப்பா பெரியப்பாக்களில் ஒருவர் வின்சென்ட். தம்பி தேயோவின் மகன் மறுபடியும் வின்சென்ட் வில்லெம். இதெல்லாம் போக, ஓவியர் பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டு முன்னால், 1852 மார்ச் 30 அன்று, உயிரில்லாமல் பிறந்த அண்ணனுக்கும் அதே பெயர். ஸுண்டெர்ட் தேவாலய வளாகத்தில் அந்தப் பெயரோடு 1852 என்று பொறித்த சிறிய கல்லறை இருக்கிறது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அன்று வழக்கம். ஒரு பிறப்புப் பதிவு கிடைத்ததும் நம்மாள் இவர்தான் என்று முடிவுகட்டாமல், அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று அடுத்த சில ஆண்டு இறப்புப் பதிவுகளைப் புரட்டுவது இதனால்தான்.

சரிபார்க்க மூன்று கேள்விகள் போதும். மனைவி பெயர் பொருந்துகிறதா? ஞானஸ்நானச் சாட்சிகள் உறவினர்களா? பேரப்பிள்ளைகளின் பெயர்களில் இந்தத் தாத்தா திரும்பி வருகிறாரா? மூன்றும் பொருந்தினால் துணிந்து எழுதலாம். ஒன்று மட்டும் பொருந்தினால் பென்சிலில் எழுதுங்கள். மற்றவர்கள் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரத்தை அப்படியே இறக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் செய்த தவறு அங்கே நூறு மரங்களில் காய்க்கிறது. குடும்பச் சின்னம் என்று சட்டம் போட்டு விற்கிறார்களே, அதிலும் பணத்தைப் போடாதீர்கள். சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குத்தான் உண்டு, பெயருக்குக் கிடையாது.

படி 7: கடல் தாண்டிய பெயர்கள்

1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு நூற்றாண்டுகளில் சுமார் 10 லட்சம் பேரைக் கப்பலேற்றி ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் டச்சுக்காரர்களே இல்லை. ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர், இன்றைய பெல்ஜியத்தின் பிளெமியர், பிரெஞ்சு வழிப் புரொட்டஸ்டண்டுகள். ஆகவே இலங்கைப் பறங்கியர் பெயர் ஒன்று கிடைத்ததும் ஹாலந்தில் தேட ஓடாதீர்கள். டச்சு எழுத்தர் கையில் டச்சுக் கோலம் பூண்ட ஜெர்மன் பெயராக அது இருக்கலாம்.

18-ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் சம்பளப் பேரேடுகள் ஹேக் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் உண்டு. ஆளின் பெயர், பிறந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், சேவை எப்போது எப்படி முடிந்தது என்பது வரை வரும். மாதச் சீட்டு என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஊரில் இருக்கும் மனைவிக்கோ பெற்றோருக்கோ சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கச் செய்த ஏற்பாடு. வாங்கியவர் பெயரும் எழுதியிருந்தால் ஐரோப்பாவில் தேடவேண்டிய குடும்பம் கைக்கு வந்துவிடும்.

இலங்கையில் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகமும் வுல்பெண்டால் தேவாலயப் பதிவேடுகளும் கல்வெட்டுகளும் அடுத்த படி. 1908-ல் அமைந்த டச்சுப் பறங்கியர் சங்கம் தன் இதழில் ஏராளமான குடும்ப வழிமுறைகளை அச்சிட்டிருக்கிறது. வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மூலப் பதிவைச் சரிபாருங்கள். டச்சுக்காரர் தொகுத்த தோம்புகளில், அதாவது நில, குடும்பப் பதிவேடுகளில், உள்ளூர்க் குடும்பங்கள் இருக்கும். ஞானஸ்நானம் பெற்ற தமிழரும் சிங்களவரும் ஐரோப்பியப் பெயர் தாங்கினார்கள் என்பதால், பெயரை வைத்து வம்சத்தைச் சொல்லிவிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. ஒண்டாட்ஜி என்ற பெயரைக் கேட்டால், ‘-ட்யே’ என்று முடியும் டச்சுச் செல்லப்பெயர் போலவே இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தின் மரபுச் செய்தி, முன்னோர் தஞ்சையிலிருந்து 1659-ல் கொழும்புக்கு டச்சு ஆளுநர் வீட்டு வைத்தியத்துக்கு வந்த மருத்துவர் என்கிறது. அந்த வழியில் 1758-ல் கொழும்பில் பிறந்த க்விண்ட் ஒண்டாட்ஜி, நெதர்லாந்துக்குப் படிக்கப் போய், 1780-களில் உட்ரெக்ட் நகரில் குடியாட்சி கேட்டுப் போராடிய தேசபக்தர் அணிக்குத் தலைவர்களில் ஒருவரானார்.

தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமில் 1863 ஜூலை 1-ல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் எழுதப்பட்டது. முதலாளியின் பெயரை அப்படியே தரக்கூடாது என்று எழுத்துகளை மாற்றிப் போட்டார்கள், அல்லது ஊர்ப்பெயரைத் திருப்பிப் போட்டார்கள். மட்ரெட்ஸ்மா என்ற பெயரை டச்சு எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் ஆம்ஸ்டர்டாம். இத்தகைய பெயருக்கு 1863 விடுதலைப் பதிவேடுதான் தொடக்கப் புள்ளி. அங்கே தோட்டத்தின் பெயரும் உரிமையாளர் பெயரும் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி ஆவணங்களில் வான் பெங்காலன், வான் மலபார், வான் சேலன் (இலங்கையிலிருந்து வந்தவர்) என்று வரும் பெயர்களோடு, ‘வான் டெ குஸ்ட்’ என்றும் பலர் இருப்பார்கள். ‘கரையிலிருந்து வந்தவர்’ என்று பொருள். எந்தக் கரை என்று எழுத்தர் எழுதவில்லை, அன்று அது எல்லோருக்கும் தெரியும்: சோழமண்டலக் கரை. பஞ்ச காலங்களில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மற்றத் துறைகளிலும் கம்பெனி விலைக்கு வாங்கிக் கொண்டுபோன மனிதர்கள் இவர்கள். இந்தப் பெயரைத் தேடுகிறவர் தேவாலயப் பதிவோடு விற்பனைப் பத்திரங்களையும் உயில்களையும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் புதிய பெயர், தோராய வயது, விற்றவர், வாங்கியவர், விலை இருக்கும். அந்த வருடத்துக்கு முன்னால் கரையிலிருந்து எந்தக் கப்பல் கேப்புக்கு வந்தது என்று கம்பெனிக் கடிதங்களில் தேடினால், ஆள் ஏறிய துறை எது என்பது வரையாவது சில சமயம் போக முடியும்.